தை விதை முதல் பங்குனி வத்தல் வரை



“ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற பழமொழியைக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால் பட்டம் என்பது ஆடிக்கு மட்டும் உரியதல்ல. தைப்பட்டம் என்று ஒன்று இருக்கிறது. பனி விலகி வெயில் ஏறும் அந்த நாட்களில் வீட்டுக் கொல்லையில் என்ன போடலாம், எப்படித் தண்ணீர் விடலாம், வந்த காயை எப்படிச் சமைக்கலாம் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

பேரவை மலருக்குக் கட்டுரை கொடு என்று கேட்டார்கள். கீரை, வத்தல் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஹாஸ்டல் நண்பர்கள் சிரித்தார்கள். “டேய், சிவில் படிக்கிறவன் சிமெண்ட் பற்றி எழுதுடா” என்றான் ஒருவன். சிமெண்டும் இதில் வருகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நான் செய்த தவறு

நான் சிவகங்கை மாவட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். அப்பா கொத்தனார். அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். அப்பத்தா வீட்டில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

போன வருடம் முதலாம் ஆண்டு படிக்கும்போது, பங்குனி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கொல்லை சும்மா கிடந்தது. கடையில் விதைப் பாக்கெட்டின் மேல் இருந்த வண்ணப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, கேரட் விதையும், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்றும் வாங்கி வந்தேன். மொத்தம் 200 ரூபாய். அம்மா என் தேர்வுக் கட்டணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த டப்பாவிலிருந்து எடுத்த பணம் அது.

அம்மா பார்த்துவிட்டு, “தம்பி, வெயில் வருதே, இது வருமா?” என்றார். “அதெல்லாம் பழைய காலம்மா, உனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு நட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன்.

வைகாசியில் போய்ப் பார்த்தேன். முட்டைக்கோஸ் இலை விரித்து நின்றதே தவிர உருண்டை கட்டவில்லை. காலிஃபிளவரில் பூவே இல்லை. கேரட்டைப் பிடுங்கினால் எலி வால் மாதிரி வந்தது. எல்லாம் ஆட்டுக்குப் போனது. 200 ரூபாய் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அப்பத்தா சொன்ன ஒரு விஷயம்தான் சுருக்கென்றது. எங்கள் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். மற்ற நாள் ஊர்க் கிணற்றுக்குப் போக வேண்டும். அந்த இரண்டு மாதமும் அம்மா தினமும் கூடுதலாக நாலு குடம் சுமந்து அந்தச் செடிகளுக்கு ஊற்றியிருக்கிறார்.

“வராதுன்னு தெரிஞ்சும் ஏம்மா ஊத்துன?” என்று கேட்டேன்.

“நீ படிச்ச புள்ள. தெரிஞ்சுதான் செய்வேன்னு நெனச்சேன்” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. நான் படித்தது சர்வேயிங்கும் மெட்டீரியல்ஸும். தோட்டத்தைப் பற்றி ஒரு வரி கூட நான் படித்ததில்லை. ஆனால் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, நாற்பது வருடம் மண்ணில் நின்றவர் தன் வாயை மூடிக்கொண்டார். இந்த வருடம் அம்மா சொல்ல, நான் நோட்டில் எழுதி, அளந்து பார்த்துச் செய்தோம். அந்த நோட்டிலிருந்துதான் கீழே உள்ளவற்றைத் தருகிறேன்.

காலக் கணக்கு

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்பது எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்வது. இரவில் பனி, பகலில் ஏறும் வெயில் என்பதுதான் பின்பனியின் குணம்.

தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஆகவே தை பிறக்கும்போது கிணற்றிலும் மண்ணிலும் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தை வைத்து முளைத்து வேரூன்றும் செடி, பங்குனி வெயிலைத் தாங்கி நிற்கும். பங்குனியில் விதைத்தால் பிஞ்சு வேர் நேராக வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் ஏறத்தாழ சமமாகின்றன. அதன்பின் சூரியன் வடக்கே நகர்கிறது. எங்கள் ஊர் ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறக்கும் சமயத்தில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஒரு ரேஞ்சிங் ராடைச் செங்குத்தாக ஊன்றிப் பாருங்கள். நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட் மூன்றும் குளிர்ச்சி கேட்பவை. சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசிக்குள் எடுத்துவிட வேண்டும். நான் அவற்றை நட்டது சூரியன் தலைக்கு மேல் வரப் போகிற நேரத்தில்!

பாத்தி போடுதல்

எங்கள் கொல்லையில் 14 அடிக்கு 10 அடி இடம். அதில் 10 அடி நீளம், 3 அடி அகலத்தில் நாலு பாத்தி. இடையில் 8 அங்குல நடைபாதை மூன்று. 3 அடிக்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது, பாத்தியை மிதிக்க வேண்டி வரும்.

பாத்தி மட்டமாக இருக்க வேண்டும். சாய்வாக இருந்தால் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி அழுகும், மறு மூலை காயும். அப்பா தன் ட்யூப் லெவலை எடுத்து வந்து நாலு மூலையும் மட்டம் பார்த்துக் கொடுத்தார். டம்பி லெவலில் நான் வகுப்பில் எடுத்த ரீடிங்கை விட வேகமாக முடித்துவிட்டார். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

எங்களுடையது செம்மண். ஒரு பாத்திக்கு இரண்டு கூடை மக்கிய சாணி எரு போட்டுக் கொத்தினோம். மக்காத பச்சைச் சாணி போடக் கூடாது, சூட்டில் வேர் கெடும்.

என்ன, எங்கே, எப்படி?

முதல் பாத்தி கீரை. அரைக்கீரையும் சிறுகீரையும். விதை கடுகை விடப் பொடிசு. பத்து மடங்கு மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். எறும்பு இழுத்துப் போகாமல் இருக்கப் பாத்தி ஓரத்தில் சாம்பல் தூவ வேண்டும். முளைக்கும் வரை தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும், கொட்டக் கூடாது. சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை ஒரு மாதத்தில் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும்.

இரண்டாவது பாத்தி வெண்டை. விதையை இரவு ஊற வைத்து, ஒரு அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. இரண்டு வரிசையில் இருபது செடி. 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். இரண்டு நாள் விட்டால் முற்றி நாராகும்.

மூன்றாவது பாத்தி கொத்தவரை. தண்ணீர் குறைவாக இருந்தாலும் தாங்கும். இதுவும் ஐம்பது நாளுக்குள் காய்க்கும். பங்குனி வத்தலுக்கு இதுதான் முதல் ஆள்.

நாலாவது பாத்தி கத்தரியும் மிளகாயும். இவற்றை மார்கழியிலேயே ஒரு பழைய சட்டியில் நாற்று விட்டு, 35 நாள் கழித்து மாலையில் பிடுங்கி நட்டோம். காலையில் நட்டால் அன்றைய வெயிலிலேயே துவளும்.

வேலி ஓரம் பாகலும் பீர்க்கையும். குளியல் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு முருங்கை. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள், மரத்துக்கு விடலாம். முருங்கையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதை போட்ட அதே வருடத்தில் காய்க்கக் கூடியது.

இந்த வருடம் வெண்டையில் இரண்டு செடியில் இலை நரம்பு மஞ்சளாக ஓடியது. உரம் பற்றவில்லை என்று நினைத்தேன். அம்மா, “அது சீக்குச் செடி, புடுங்கிப் போடு, மத்ததுக்கும் வந்துரும்” என்றார். இந்தத் தடவை எதிர்த்துப் பேசாமல் பிடுங்கினேன். பிறகு நூலகத்தில் பார்த்தேன். அது மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்புகிறது. மருந்தடித்து நோய் வந்த செடியைக் காப்பாற்ற முடியாது, பிடுங்குவதுதான் வழி. நான் சேர்த்தது ஒன்றுதான். பழைய தகரத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவிப் பாத்தி நடுவில் நட்டேன். மஞ்சள் நிறத்துக்கு வெள்ளை ஈ தேடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர்க் கணக்கு

இனி நம் பாடத்துக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

நாலு பாத்தியின் பரப்பு 120 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 11 சதுர மீட்டர். நேரான விளிம்புள்ள ஒரு அகலமான தகர டப்பாவில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஸ்கேலைக் கட்டி, விடுமுறைக்குப் போன போதெல்லாம் அளந்தேன். நான் இல்லாத நாட்களில் தங்கை அளந்தாள். தை மாதம் ஒரு நாளில் சராசரி 4 மில்லிமீட்டர் குறைந்தது. பங்குனிக் கடைசியில் 7 மில்லிமீட்டர். திறந்த தண்ணீர் ஆவியாகும் அளவு முழுவதும் செடிக்குத் தேவையில்லை, ஏறத்தாழ முக்கால் பங்கு போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

தை: 11 × 4 × 0.75 = 33 லிட்டர்.
பங்குனி: 11 × 7 × 0.75 = 58 லிட்டர் (சுமார்).

எங்கள் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். அப்படியானால் தையில் இரண்டு குடம், பங்குனியில் நாலு குடம். இதைப் பெருமையாக அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“இதத்தான நானும் செய்யறேன். தையில ரெண்டு, பங்குனியில நாலு” என்றார் அம்மா.

அப்பத்தா சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. ஆனால் கணக்குப் போட்டது வீண் போகவில்லை. நாலு குடம் தேவைப்படுவது மண் திறந்து கிடப்பதால்தானே என்று யோசித்தேன். கான்கிரீட் போட்டால் ஈரச் சாக்கைப் போட்டு மூடி க்யூரிங் செய்கிறோம். ஏன்? ஈரம் வெயிலுக்கும் காற்றுக்கும் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. (சிமெண்ட் வந்துவிட்டது, பார்த்தீர்களா!) அதே முறையில் செடிகளின் நடுவே காய்ந்த இலையும் வைக்கோலும் மூன்று அங்குலம் பரப்பினோம். தண்டை ஒட்டி மட்டும் விடவில்லை. பங்குனியில் நாலு குடத்துக்குப் பதில் மூன்று குடம் போதுமானது. அரிசி, காய் கழுவிய தண்ணீரையும் சேர்த்து வைத்ததில் இன்னும் அரைக் குடம் மிச்சம். அம்மா தலையிலிருந்து ஒன்றரைக் குடம் இறங்கியது. என் டிப்ளமோவால் வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம் இதுதான்.

அடுப்படிக்கு வருவோம்

பையன்களும் இதைப் படிக்க வேண்டும். நாளைக்கு வெளியூரில் வேலை கிடைத்து ரூம் எடுத்துத் தங்கும்போது கை கொடுக்கும்.

தை, மாசி: ஆடியில் போட்ட அவரைக் கொடி இப்போது கடைசிக் காய் கொடுக்கும். பிஞ்சு பொரியலுக்கு. முற்றியதை உரித்துப் பருப்பை எடுத்துக் கத்தரிக்காயோடு புளிக்குழம்பு வைக்கலாம். மாசியில் கொடியில் அசுவினி அப்பத் தொடங்கும். அதற்கு முன்பே நல்ல காய் பத்துப் பன்னிரண்டைப் பறிக்காமல் கொடியிலேயே காய விட்டு, சாம்பலில் புரட்டி விதைக்கு எடுத்து வைக்க வேண்டும். பனி நாளில் இரவுச் சாப்பாட்டுக்குக் கொள்ளு ரசம்.

மாசி: கீரை கடையல். கழுவிய அரைக்கீரையோடு சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு, மூடாமல் வேக வைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்து, கடுகும் வத்தலும் தாளிக்க வேண்டும். வேக வைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்தில் சேருங்கள்.

பங்குனி: வத்தல் மாதம். வெயில் இருக்கும், மழை வராது, காயும் மிஞ்சும். கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் அரை வேக்காடாக எடுத்து, வடித்து, பழைய வேட்டியில் பரப்பி நாலு நாள் காய வையுங்கள். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும்.

மோர் மிளகாய்க்கு அரை கிலோ மிளகாயைக் காம்போடு நுனியில் கீறி, கெட்டி மோரில் ஒரு கைப்பிடி கல் உப்புப் போட்டு இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் வையுங்கள். மாலையில் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுவதும் மிளகாய்க்குள் போகும் வரை இப்படியே செய்து, பிறகு கலகலவென்று காய விட வேண்டும். உப்பும் புளிப்பும் வெயிலும் சேர்ந்துதான் அதைக் கெடாமல் வைக்கின்றன.

பங்குனிக் கடைசி, சித்திரை: வேம்பு பூக்கும். அதிகாலையில் மரத்தடியில் துணியை விரித்துவிட்டால் பூ தானாக உதிரும். நிழலில் காய வைத்து டப்பாவில் போட்டால் வருடம் முழுக்க வரும். புளி ரசத்தை மிளகாய் வத்தல் தாளித்து இறக்கிய பிறகு, பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து மேலே போட வேண்டும். ரசத்தோடு கொதிக்க விட்டால் கசப்பு ஏறிவிடும். சித்திரை முதல் நாள் மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடியில் இந்தப் பூவையும் சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதன் பிறகு வெயில் முடியும் வரை காலையில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள அந்த மோர் மிளகாய். பங்குனியில் காய வைத்தது வைகாசியில் சாப்பாடாகும்.

வரவு செலவு

வாரச் சந்தையில் காய்க்கு எங்கள் வீட்டில் ஆன செலவு சுமார் 250 ரூபாய். மாசி தொடங்கி எட்டு வாரத்தில் அது 80 ரூபாய்க்கு இறங்கியது. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு மட்டும்தான் வாங்கினோம். வாரம் 170 வீதம் எட்டு வாரத்துக்கு 1,360 ரூபாய். விதைக்கு ஆனது 60 ரூபாய் மட்டும், மீதி விதை அக்கம்பக்கத்தில் வாங்கியது. மிச்சத்தை அம்மா வாராவாரம் அதே டப்பாவில்தான் போட்டு வந்தார்.

முடிவாக

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். ஊருக்குப் போனால் நம் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு வராது. அது மரியாதைதான், ஆனால் ஆபத்தும் கூட. நமக்குத் தெரியாததையும் தெரிந்தது போல் சொன்னால், தெரிந்தவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்தச் செலவை அவர்களே சுமப்பார்கள், எங்கள் அம்மா குடம் சுமந்தது போல.

ஆகவே இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துப் போங்கள். உங்கள் அம்மா, அப்பத்தா, தாத்தா எந்த மாதத்தில் எதைப் போடுகிறார்கள், எதைச் சமைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். ஹாஸ்டலின் பின்பக்கம் சமையற்கூடத் தண்ணீர் ஓடும் இடம் சும்மா கிடக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு அவரை ஊன்ற நான் விதை வைத்திருக்கிறேன். சாம்பலில் புரட்டி அம்மா கொடுத்தது. வேண்டுபவர்கள் வந்து கேளுங்கள்.

இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு